சீட் கிடைத்தது, விசா கிடைத்தது... வாழத் தெரியுமா?

ஃபிராங்ஃபர்ட்டுக்கு நள்ளிரவு விமானம். இரண்டு ரயில் மாறி, ஞாயிற்றுக்கிழமை டார்ட்முண்டிலோ கெம்னிட்ஸிலோ ஒரு வாடகை அறைக்கு வந்துசேர்கிறார் 22 வயது மாணவர். பெட்டியை வைத்துவிட்டுப் பால் வாங்க இறங்கினால், தெரு ஊரடங்கு போட்டதுபோல் கிடக்கிறது. சூப்பர் மார்க்கெட்டின் கண்ணாடிக் கதவு அவர் கிட்டே போயும் நகரவில்லை. மருந்துக்கடை, துணிக்கடை, செல்போன் கடை எல்லாம் மூடல். திறந்திருப்பது ரயில் நிலையத்துக் கடையும் பெட்ரோல் பங்க்கும்தான். அங்கே விலை கையைக் கடிக்கும். ஞாயிறு ஓய்வு நாள் என்று 1919-ல் வைமர் அரசியலமைப்பில் எழுதினார்கள். அந்தப் பிரிவு இன்றைய ஜெர்மனியின் அடிப்படைச் சட்டத்திலும் அப்படியே தொடர்கிறது. அது தெரியாமல் வந்தவருக்கு அன்றைக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. பெட்டிக்குள் குக்கர் இருக்கிறது, பருப்புப்பொடி இருக்கிறது, அம்மா கிளறிக் கொடுத்த புளிக்காய்ச்சல் இருக்கிறது. ஞாயிறு கழிந்துவிடும். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கும் காரியங்களுக்குத்தான் அந்தப் பெட்டியில் எதுவும் இல்லை.

ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இன்று முதலிடம் இந்தியர்களுக்கு. 2022-23ல் சீனாவை முந்தினோம். 2023-24 குளிர்காலப் பருவத்தில் எண்ணிக்கை 49,483. அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே போகிறது. அமெரிக்காவும் கனடாவும் கதவை ஒருக்களித்துச் சாத்த ஆரம்பித்த பிறகு, சென்னை, கோவை, திருச்சி பொறியியல் கல்லூரிகளின் இறுதியாண்டு வகுப்புகளில் அடிக்கடி கேட்கும் பெயர் ஜெர்மனிதான். காரணம் எளிது: பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. முனிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 முதல் கட்டணம் விதிக்கிறது. மற்றபடி பெரும்பாலும் படிப்பு இலவசம். இந்த ‘இலவசம்’ என்ற சொல்லை நம்பித்தான் வீட்டில் முடிவெடுக்கிறார்கள். பெற்றோரின் சேமிப்பும், ஏஜென்ட்டின் கவனமும், மாணவரின் உழைப்பும் விமானம் ஏறும் நாளை நோக்கியே ஓடுகின்றன. ஐஇஎல்டிஎஸ், கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும், 2022 நவம்பரிலிருந்து கட்டாயமான ஏபிஎஸ் சான்று, வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டுக் காட்டும் முடக்கக் கணக்கு, விசா விண்ணப்பம்... ஒவ்வொன்றுக்கும் பயிற்சி உண்டு. இறங்கியபின் நடத்த வேண்டிய அன்றாட வாழ்க்கைக்கு மட்டும் எந்தப் பயிற்சியும் இல்லை. அந்தக் குறைக்கான விலை, மாணவரின் மதிப்பெண்ணிலும் குடும்பத்தின் கடனிலும் வந்து விழுகிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முகவரி இல்லாதவருக்கு ஒன்றும் நடக்காது

யூடியூபில் ஜெர்மனி வாழ்க்கை பற்றித் தமிழில் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. காலி பாட்டிலை இயந்திரத்தில் போட்டால் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும், குப்பையை நான்கு நிறத் தொட்டிகளில் பிரித்துப் போட வேண்டும், இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. பார்க்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதெல்லாம் எவருக்கும் இரண்டு வாரத்தில் பழகிவிடும். பழகாத விஷயம் வேறு. அது கேமராவில் அவ்வளவு அழகாக விழாது.

ஒரு வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிவுசெய்தாக வேண்டும். ‘அன்மெல்டுங்’ என்பார்கள். தவறினால் 1,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பதிவுசெய்ய, வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட உறுதிச் சீட்டு வேண்டும். பதிவுச் சான்று இருந்தால்தான் பல வங்கிகள் கணக்குத் திறக்கும். நடப்புக் கணக்கு இருந்தால்தான் முடக்கக் கணக்கில் போட்ட சொந்தப் பணமே மாதாமாதம் கைக்கு வரும். பதிவான பிறகுதான் வரி எண் தபாலில் வரும். அது இல்லாமல் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தால் சம்பளத்தில் மிக உயர்ந்த விகிதத்தில் வரியைப் பிடித்துவிடுவார்கள். விசா முடிவதற்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கவும் இதே முகவரிதான் அடிப்படை. ஆக, தொடக்கப்புள்ளி வீடு. அந்த வீடுதான் கிடைப்பதில்லை.

மாணவர் நலக் கழகங்களின் விடுதிகளில் மொத்த மாணவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத்தான் இடம். பெரிய நகரங்களில் காத்திருப்புப் பட்டியல் பல மாதங்களுக்கு நீளும். மிச்சப் பேர் தனியார் அறைகளுக்கும், நாலைந்து பேர் பகிரும் வீடுகளுக்கும் மோத வேண்டும். அங்கே அறை கேட்பவரை, ஏற்கெனவே குடியிருப்பவர்கள் சமையலறை மேசையில் உட்கார வைத்துப் பேசிப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். சென்னையிலிருந்து வாட்ஸ்அப்பில் கேட்பவருக்கு அந்த மேசையில் இடமில்லை. அதனால் பலரும் பயணிகள் ஹாஸ்டலிலும், தெரிந்தவரின் அறைத் தரையிலும், ‘பதிவு செய்ய முடியாது’ என்று முன்கூட்டியே சொல்லிவிடும் தற்காலிக அறைகளிலும் அக்டோபரை ஓட்டுகிறார்கள். அறை கிடைக்கிறது, சான்று கிடைப்பதில்லை. மோசடிக்காரர்களுக்கு இது அறுவடைக் காலம்: ‘நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்புங்கள், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்’ என்று அழகான அறைப் படங்களுடன் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் வரும். பார்க்காத வீட்டுக்குப் பணம் அனுப்பக் கூடாது என்பது நம்மூரில் எல்லோருக்கும் தெரியும். அவசரத்தில் அந்தப் புத்தி வேலை செய்வதில்லை.

கடிதப்பெட்டியில் அப்பா பெயர்

அறை கிடைத்தபின் செய்ய வேண்டிய முதல் வேலை, கடிதப்பெட்டியிலும் அழைப்பு மணியிலும் பெயர் ஒட்டுவது. அறை எண் எழுதும் வழக்கம் பொதுவாக அங்கே இல்லை. தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். இதில் தமிழ் மாணவருக்கு ஒரு கூடுதல் சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் இருப்பது அப்பா பெயர். அலுவலகங்களும் வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் அந்தப் பெயருக்குத்தான் கடிதம் அனுப்பும். பிள்ளை தன் பெயரை மட்டும் ஒட்டிவைத்தால், வங்கி அட்டையின் ரகசிய எண் வரவே வராது.

சின்ன விஷயம்தான். ஆனால் அந்த நாட்டின் நிர்வாகம் தாளில், தபாலில், ஜெர்மன் மொழியில் நடக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது. பதிவுசெய்த சில வாரங்களில் ஒளிபரப்புக் கட்டணக் கடிதம் ஒன்று வரும். வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, டிவி இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை. ‘நம்மிடம்தான் டிவி இல்லையே’ என்று கடிதத்தை ஓரமாக வைப்பவர்கள் ஏராளம். அடுத்து நினைவூட்டல், பிறகு தாமதக் கட்டணம், கடைசியில் வசூல் நடவடிக்கை. அதே வீட்டில் வேறொருவர் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்தால், அவருடைய கட்டண எண்ணைக் குறிப்பிட்டு ஒரு பதில் போட்டால் போதும், தீர்ந்தது. அந்தப் பதிலைப் போடாததுதான் கடனாகிறது. இரண்டு வருட செல்போன் ஒப்பந்தம், உடற்பயிற்சிக் கூடம், காப்பீடு எல்லாமே இந்த ரகம்தான். நம்மூரில் மௌனம் காரியத்தைத் தள்ளிப்போடும்; நேரில் போய் நின்றால் யாராவது இரக்கப்பட்டு முடித்துக் கொடுப்பார்கள். அங்கே கெடுவுக்குள் பதில் போடாவிட்டால் கட்டணம் ஏறிக்கொண்டே போகும்.

காப்பீட்டில் நடக்கும் தவறு இன்னும் ஆபத்து. மருத்துவக் காப்பீடு இல்லாமல் பல்கலைக்கழகத்தில் சேரவே முடியாது. 30 வயது வரை சட்டப்படியான பொதுக் காப்பீட்டில் மாணவர் சலுகை உண்டு. மாதம் 140 யூரோவுக்கு மேல் ஆகும். அதைவிடக் குறைவாக இருக்கிறதே என்று தனியார் காப்பீட்டுக்குப் போய், பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கிவிட்டால், அந்தப் படிப்பு முடியும் வரை திரும்ப முடியாது. சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பார்த்து எடுக்கும் அந்த முடிவு பெரும்பாலும் எடுக்கப்படுவது இங்கே, ஏஜென்ட் அலுவலகத்தில், ஐந்து நிமிடத்தில்.

┌─────────────
பெட்டிச் செய்தி: மாதம் 992 யூரோ

முடக்கக் கணக்கில் ஓராண்டுக்குக் காட்ட வேண்டிய தொகை (2024 செப்டம்பர் முதல்): 11,904 யூரோ. மாதம் எடுக்க முடிவது 992.

முனிச்சில் பகிர்வு வீட்டில் ஓர் அறைக்கு 800 யூரோவை ஒட்டி வாடகை. காப்பீடு 140-க்கு மேல். சாப்பாட்டுக்கு மிஞ்சுவது சுமார் 50 யூரோ! கெம்னிட்ஸ், மாக்டபுர்க் போன்ற கிழக்கு நகரங்களில் வாடகை இதில் பாதிக்கும் கீழே.

வீட்டு முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அதை மூன்று தவணையாகக் கட்டவும் சட்டம் அனுமதிக்கிறது.

வேலை செய்ய அனுமதி: ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் (2024 மார்ச் முதல்). குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 13.90 யூரோ (2026 ஜனவரி முதல்).

பயணச்சீட்டு இல்லாமல் பிடிபட்டால்: 60 யூரோ.
─────────────┘

‘கோர்ஸ் இங்கிலீஷ்தானே?’

ஜெர்மன் மொழி பற்றிக் கேட்டால் மாணவர்கள் சொல்லும் பதில் இது. பாதி சரி. வகுப்பும் தேர்வும் ஆங்கிலத்தில். பேராசிரியர் ஆங்கிலத்தில் பதில் எழுதுவார். பெர்லினில் காபி வாங்கவும் ஆங்கிலம் போதும். மறுபாதிதான் கொல்லும். அரசு அலுவலகத்தின் மொழி ஜெர்மன் என்பது சட்டம். கவுண்டரில் இருப்பவருக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தாலும் அவர் பேச வேண்டிய கட்டாயமில்லை. வாடகை ஒப்பந்தம் ஜெர்மனில். பல் மருத்துவரின் வரவேற்பாளர் தொலைபேசியில் பேசுவது ஜெர்மனில். படத்தைக் காட்டினால் மொழிபெயர்த்துத் தரும் செயலிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, நன்றாகவும் செய்கின்றன. ஆனால் எதிர்முனையில் ‘டாக்டர் புதிய நோயாளிகளை எடுப்பதில்லை’ என்று வேகமாகச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறவரிடம் மறுபடி ஒரு கேள்வி கேட்க எந்தச் செயலியாலும் முடியாது.

மொழியின் உண்மையான விலை வேலையில் தெரிகிறது. படிக்கும் துறையிலேயே பகுதிநேரமாகச் செய்யும் வேலைக்கு ‘வெர்க்ஸ்டூடன்ட்’ என்று பெயர். பட்டத்துக்குப் பிறகு வேலைக்கு உள்ளே நுழைய இதுவே பழகிய வழி. சாஃப்ட்வேர் நிறுவனங்கள் சிலவற்றைத் தள்ளிவைத்தால், இவற்றில் பெரும்பங்கு ஜெர்மன் கேட்கும். மொழி இல்லாதவருக்குக் கிடைப்பது கிடங்கில் பார்சல் பிரிப்பது, சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுப்பது, ஓட்டலில் பாத்திரம் துலக்குவது. இதில் எந்தக் கேவலமும் இல்லை. குறைந்தபட்ச ஊதியமும் உறுதி. ஆனால் இரண்டு வருடம் கிடங்கில் நின்றவரின் விண்ணப்பமும், அதே இரண்டு வருடம் வடிவமைப்புப் பிரிவில் உட்கார்ந்தவரின் விண்ணப்பமும் ஒரே மேசைக்குப் போகும்போது என்ன நடக்கும்? பட்டம் வாங்கியபின் வேலை தேட 18 மாதம் அனுமதி உண்டு. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களில் கணிசமானோர் மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் படித்தவர்கள். அந்தத் துறையிலேயே ஃபோக்ஸ்வாகன், 2030-க்குள் ஜெர்மனியில் 35,000-க்கும் அதிகமான பணியிடங்களைக் குறைக்கப்போவதாக 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்துடன் ஒப்பந்தம் போட்டிருக்கிறது. வேலை நிறைய இருந்தபோது மொழியில்லாமலும் உள்ளே போனவர்கள் உண்டு. அந்தக் காலத்துச் சீனியர்களின் அனுபவத்தை இன்றைக்கு ஆலோசனையாக எடுத்துக்கொள்வது தப்பு.

ஊரில் கல்விக் கடன் இதற்கெல்லாம் காத்திருக்காது. படிப்புக் காலம் முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கிவிடும்; வட்டி முதல் நாளிலிருந்தே ஏறிக்கொண்டிருக்கும்.

அங்கே அரியர் கிடையாது

‘இளவட்டங்கள்தானே, ஆறு மாதத்தில் தானாகப் பழகிவிடுவார்கள்’ என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. உண்மைதான், பெரும்பாலோர் பழகியும்விடுகிறார்கள். சிக்கல் என்னவென்றால், அந்த ஆறு மாதம்தான் முதல் பருவம். அக்டோபர் நடுவில் தொடங்கும் வகுப்புகள் பிப்ரவரி வாக்கில் முடிந்து தேர்வு வந்துவிடும். வீடு தேடி, அலுவலகங்களுக்கு அலைந்து, கிடங்கில் இரவுப் பணி பார்த்து, ஒருவழியாக மூச்சுவிடும்போது தேர்வு அட்டவணை ஒட்டியாகிவிடும். தேர்வுக்குத் தனியாக இணையத்தில் பதிவுசெய்ய வேண்டும். கெடு தாண்டினால் எழுத முடியாது. கல்லூரியே ஹால் டிக்கெட் கொண்டுவந்து கொடுத்துப் பழகியவர்கள் இதிலேயே முதல் அடி வாங்குகிறார்கள்.

இரண்டாவது அடி கடுமையானது. நம் பொறியியல் கல்லூரிகளில் அரியர் வைப்பதும், பிறகு சாவகாசமாக எழுதித் தேறுவதும் வாழ்க்கையின் ஒரு பகுதி. ஜெர்மனியின் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு கட்டாயப் பாடத்தைப் பொதுவாக மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாவது முறையும் போனால் ‘இறுதித் தோல்வி’, சேர்க்கை ரத்து. அதே படிப்பை அந்நாட்டின் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாது. மாணவர் என்ற தகுதி போனால் குடியிருப்பு அனுமதியும் கேள்விக்குறி. முதல் பருவத்தில் ஒரு வாய்ப்பை வீணடித்தவருக்கு மிச்சமிருப்பது இரண்டு. அன்றாடத்தைச் சமாளிக்கத் தெரியாததன் விலை மதிப்பெண்ணில் விழுகிறது என்று மேலே சொன்னது இதைத்தான்.

இதற்கெல்லாம் ஜெர்மனிதானே காரணம் என்பது நியாயமான எதிர்க்கேள்வி. மாணவர்களை வரவேற்றுவிட்டு வீடு கட்டாமல் இருப்பதும், வெளிநாட்டினர் அலுவலகத்தில் ஒரு சந்திப்புக்கு மாதக்கணக்கில் காக்க வைப்பதும், 2020-களிலும் தாளைப் பிடித்துத் தொங்குவதும் அவர்கள் குறைதான். அந்நாட்டுப் பத்திரிகைகளே அதைத் தினமும் திட்டுகின்றன. ஆனால் அடுத்த அக்டோபருக்குள் அது மாறப்போவதில்லை. மாணவரின் கையில் இருப்பது அவருடைய தயாரிப்பு மட்டுமே.

‘அண்ணா, ரூம் இருக்கா?’

வாட்ஸ்அப் குழுக்களில் ஆகஸ்ட் மாதம் தொடங்கி ஒலிக்கும் குரல் இது. முன்பின் பார்த்திராத சீனியர் அண்ணாவும் அக்காவும் ரயில் நிலையத்துக்கு வந்து பெட்டி தூக்குகிறார்கள், தங்கள் அறையில் பாய் விரித்துக் கொடுக்கிறார்கள், பதிவு அலுவலகத்துக்குக் கூடவே வருகிறார்கள். இந்த உதவி இல்லையென்றால் முதல் மாதத்தைத் தாண்டாதவர்கள் பலர். அதைக் குறைத்துப் பேச முடியாது. கேள்வி எப்போது வருகிறதென்றால், ஐந்தாவது, ஆறாவது மாதத்திலும் அந்த வட்டத்தை விட்டு வெளியே வராதபோது. ஒரே வீட்டில் ஆறு தமிழர்கள், ஒரே குக்கர் சாதம், ஒரே கிடங்கில் வேலை, கடிதம் வந்தால் படித்துச் சொல்ல ஓர் அண்ணா. வசதிதான். ஆனால் ஜெர்மன் பேச வேண்டிய தேவையே அங்கே எழுவதில்லை. அந்த அண்ணா வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன மறுநாள்தான் அது உறைக்கும்.

ஜெர்மனியில் தமிழர் வாழ்க்கை மாணவர்களோடு தொடங்கியதல்ல. 1980-களில் போருக்குத் தப்பி வந்த ஈழத் தமிழர்கள், குறிப்பிட்ட மாவட்டத்தைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடும் வேலைத் தடைகளோடும் அங்கே காலூன்றினார்கள். பலருக்கு ஆங்கிலமும் கை கொடுக்கவில்லை. ஓட்டல் சமையலறைகளில் நின்றே ஜெர்மன் பழகினார்கள். ஹாம் நகரின் ஊன்ட்ராப் தொழிற்பேட்டைக்குள் கோபுரத்தோடு நிற்கும் காமாட்சி அம்பாள் கோயிலுக்கு 2002-ல் குடமுழுக்கு நடந்தது; அதன் தேர்த்திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் திரள்கிறது. ஜெர்மானிய நகராட்சியிடம் அனுமதி வாங்கி, ஜெர்மானியச் சட்டத்துக்கு உட்பட்டு எழுந்த கோயில் அது. தமிழையும் விடாமல், அந்த ஊர் மொழியையும் கற்றவர்கள்தான் அதைச் சாதித்தார்கள். இன்று மாணவர்கள் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கும் கடைகள் பலவும் அவர்களுடையவை.

நாலு மணிக்கு இருட்டு

நவம்பர் பிறந்தால் பெர்லினில் மாலை நாலரை வாக்கிலேயே சூரியன் மறையும். டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டு. இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம். வகுப்பு, வேலை முடிந்து பிள்ளை அறைக்கு வரும் இரவு எட்டு மணிக்கு இங்கே பன்னிரண்டரை. அம்மா தூங்கியிருப்பார். ‘சாப்பிட்டியா?’ என்ற கேள்விக்கு ‘சாப்பிட்டேன்மா’ என்ற பதில் மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் போகும். கடன் வாங்கி அனுப்பியிருக்கிறார்கள் என்ற எண்ணமே பிள்ளையின் வாயைக் கட்டிப்போடும். அறை இல்லை, தேர்வு போய்விட்டது, தூக்கம் வரவில்லை என்று எவரும் வீட்டில் சொல்வதில்லை. மனநல சிகிச்சைக்கு அங்கே காத்திருப்பு நீளம் என்பது உண்மை. ஆனால் பெரும்பாலான மாணவர் நலக் கழகங்களில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். மாணவருக்குக் கட்டணம் இல்லை, பல இடங்களில் ஆங்கிலத்திலும் பேசலாம். இது நம் மாணவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் ‘எனக்கென்ன பைத்தியமா?’ என்று தயங்குகிறார்கள்.

┌─────────────
பெட்டிச் செய்தி: கையில் இருக்கட்டும்

ஆம்புலன்ஸ், தீயணைப்பு: 112. காவல்துறை: 110.

இரவிலும் விடுமுறையிலும், உயிருக்கு ஆபத்தில்லாத நோய்க்கு மருத்துவர்: 116117.

மாணவர் விடுதிக்கு விண்ணப்பம்: சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே. சில ஊர்களில் அதற்கு முன்பே ஏற்கிறார்கள்.

இந்தியத் தூதரகம் பெர்லினில். துணைத் தூதரகங்கள் ஃபிராங்ஃபர்ட், ஹாம்புர்க், முனிச் நகரங்களில்.
─────────────┘

ஜெர்மன் கற்க நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஏ1 என்ற தொடக்க நிலைக்கு 45 நிமிடப் பாடவேளைகள் 80 முதல் 200 வரை தேவை என்கிறது கோதே நிறுவனம். பி1 நிலைக்கு 350-லிருந்து 650 வரை. பி.இ. எட்டாவது பருவத்தில் புராஜெக்ட்டைத் தவிரப் பெரிய வேலை இல்லை. ஏபிஎஸ் சான்றுக்கும் விசா தேதிக்கும் காத்திருப்பது மாதக்கணக்கில். ஏ2 வரை முடிக்க அந்தக் காலம் தாராளமாகப் போதும். மிச்சத்தை அங்கே போய், பல்கலைக்கழகமே நடத்தும் வகுப்புகளில் பார்த்துக்கொள்ளலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த அக்டோபருக்குப் பிள்ளையை அனுப்புவதாக இருந்தால், ஏஜென்ட்டிடம் ரேங்கிங் பட்டியலைக் கேட்பதற்கு முன்னால் அந்த ஊரில் வாடகை எவ்வளவு, விடுதி விண்ணப்பம் போட்டாகிவிட்டதா என்று கேளுங்கள். முடக்கக் கணக்குக்கு மேல் மூன்று மாத வாடகைக்குச் சமமான தொகையைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். பெரிய பெயருக்கு ஆசைப்பட்டு முனிச் கேட்டு அடம்பிடித்தால், கிழக்கு நகரங்களின் நல்ல அரசுப் பல்கலைக்கழகங்களையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஜெர்மன் வகுப்புக்கான பணத்தை இந்த மாதமே கட்டிவிடுங்கள்.